மேலூரில் கேட்ட கிதார்

ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவியும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தோம். வெளியே மதுரைச் சித்திரை வெயில். இத்தனைக்கும் காரணம் ஐந்தே ஐந்து ஸ்வரங்கள். இன்று நினைத்தாலும் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று எங்கே மேடை கிடைத்தாலும் சினிமாப் பாட்டுகளை அப்படியே வாசிப்பதுதான் எங்கள் வேலை. ‘அப்படியே’ என்ற சொல்தான் எங்கள் குழுத் தலைவருக்கு வேதம். அக்கார்டியனை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர், ரெக்கார்டில் பாடகர் மூச்சு வாங்கியிருந்தால் எங்கள் பாடகரும் அந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பார்.

ஒரு நாள் அலுவலகக் கோப்புகளைக் கொடுப்பதற்காக மேலூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மணி நாலு இருக்கும். பக்கத்துத் தெருவில் ஏதோ கோயில் திருவிழா. தெரு நெடுகக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது புதிதாக வந்த படத்தின் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பாட்டின் தொடக்கத்தில் கிதார் மட்டும்தான், வேறு வாத்தியம் எதுவும் கிடையாது.

முதல் ஸ்வரம் விழுந்தது. அது விழுந்த கையோடு அதே ஸ்வரம் இன்னொரு தடவை எழுந்தது. பிறகு இன்னும் மெலிதாக மூன்றாவது தடவை. அடுத்த ஸ்வரம், அதற்கும் அப்படியே. ஐந்து ஸ்வரமும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போய், கடைசியில் எல்லாம் சேர்ந்து கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி மெதுவாக ஆடின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதுரை பஸ் இரண்டை விட்டுவிட்டு அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுவார்களா என்று நின்றேன். போடவில்லை.

அந்தச் சத்தம் என் விரலிலிருந்து வர வேண்டும், அதை நான் என் காதால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மறுநாள் ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால், அந்த ஆரம்பத்தை அச்சு அசலாக வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஆர்கன்காரர் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். அவரிடம் புதிதாக ஒரு வெளிநாட்டு ஆர்கன் வந்திருந்தது. சுவிட்சைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின். கிதாருக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பாட்டைக் கேட்டுப் பழக வேண்டுமே. ரெக்கார்டிங் கடையில் கேசட் பதிந்து வாங்கி வந்து வீட்டில் போட்டேன். ஐந்து ஸ்வரம் வந்தது. சும்மா வந்தது. திரும்பவும் வரவில்லை, ஆடவும் இல்லை. நேராகக் கடைக்குப் போய், பதிவு சரியில்லை என்று சண்டை பிடித்தேன். கடைக்காரர் மறுபடி பதிந்து கொடுத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவது தடவை போனபோது ரெக்கார்டை பிளேயரில் வைத்து, ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ரெக்கார்டிலும் சும்மாதான் இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். எனக்கோ வேறு யோசனை போயிற்று. சில பாட்டுகள் ரெக்கார்டில் ஒரு மாதிரியும் படத்தில் ஒரு மாதிரியும் இருக்கும் அல்லவா, மேலூரில் போட்டது படத்தில் இருக்கிற பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். திருவிழாக் கம்பத்துக்குப் படச்சுருளிலிருந்து எப்படிப் பாட்டு வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தியேட்டருக்குப் போனேன். கதாநாயகன் திரும்பிப் பார்க்கிற இடத்தில்தான் அந்தக் கிதார். அவன் கழுத்தைத் திருப்ப ஆரம்பிக்கும்போதே தியேட்டர் முழுக்க விசில், கைதட்டல், கிழித்த காகிதம். ஒரு ஸ்வரம்கூடக் காதில் விழவில்லை. கூட்டம் குறையட்டும் என்று பத்து நாள் கழித்துப் போனேன். பிறகு காலைக் காட்சிக்குப் போனேன். இருபது பேர்தான் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் விசிலடிப்பதற்கென்றே வந்திருந்தார்கள். நாலாவது தடவை போய்விட்டு வந்தபோது, அப்படி அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். கிதார் என்றேன். அவள் நம்பவில்லை.

சரி, கேட்டுப் பழக வழியில்லை, ஞாபகத்தில் இருப்பதை வைத்து நாமே செய்வோம் என்று இறங்கினேன். திரும்பத் திரும்ப வருவதற்கு எக்கோ வேண்டும். அதற்கான மெஷினை நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி, யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, அந்த டேப்பை அப்படியே இழுத்துப் பக்கத்தில் வைத்த இன்னொரு ரெக்கார்டரில் ஓடவிட்டால் எக்கோ வரும் என்று யாரோ சொன்னார்கள். இரவல் வாங்கி இரண்டையும் ஒட்டி வைத்தேன். எக்கோ வரத்தான் செய்தது. ஆனால் ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு, அது திரும்பி வருவதற்குள் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ரேடியோ மெக்கானிக், ஒரே ரெக்கார்டருக்குள் இரண்டு விரற்கடை தள்ளி, டேப்பைப் படிக்கிற இன்னொரு ஹெட்டைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்றார். நாளைக்கு வாங்க சார் என்றார். அந்த ‘நாளைக்கு’ வருவதற்கு ஏழு வாரம் ஆனது. பொருத்திக் கொடுத்ததில் எக்கோ கிட்டத்தட்டச் சரியான இடைவெளியில் வந்தது. ஆனால் சாயங்காலம் கரண்ட் குறைந்தால் டேப் மெதுவாக ஓடும், எக்கோவும் சோம்பேறியாகிவிடும். எட்டு மணிக்குச் சரியாக இருக்கிற பாட்டு ஆறரை மணிக்குச் சரியாக இருக்காது. கிதாரின் தாளத்தையே மின்சார வாரியம் முடிவு செய்கிற மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

அடுத்தது அந்த ஆட்டம். அதற்குத்தான் விசிறி. ஸ்பீக்கருக்கு முன்னால் விசிறியைச் சுற்றவிட்டால் இறக்கைகள் சத்தத்தை வெட்டி வெட்டி ஆட வைக்கும். மூன்றாம் எண்ணில் வைத்தால் கிதாருக்குக் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. ஒன்றாம் எண்ணில் வைத்தால் விக்கல். இரண்டில் வைத்தால் ஏதோ ஒரு மாதிரி ஆடியது. அதனால் அந்தக் கோடை முழுக்க விசிறி இரண்டாம் எண்ணில் ஸ்பீக்கருக்கே ஓடியது.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. முழுப்பரீட்சை விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் திருத்திக்கொண்டிருப்பாள். வேர்வை பட்டு மாணவர்களின் மை கலைந்தது. ஒரு நாள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பெட்டிக்கா வேர்க்குது, எனக்கா வேர்க்குது?”

மெக்கானிக்கிடமே திரும்பப் போனேன். அவர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் இருந்த படத்தைப் பார்த்து, ஒரு சோப்பு டப்பாவுக்குள் சின்ன பல்பும் நாலைந்து டிரான்சிஸ்டரும் வைத்து ஒரு கருவி செய்து கொடுத்தார். அதைக் காலால் அமுக்கினால் கிதார் சத்தம் சுழன்று சுழன்று வரும். கூடவே வானொலி நிலையமும் கொஞ்சம் வரும். ஒரு தடவை ஒத்திகையில் அமுக்கியபோது நெல்லுக்கு உரமிடுவது பற்றி ஒருவர் பேசினார். அதனால் விசிறிக்கு அப்போதும் விடுதலை கிடைக்கவில்லை.

டேப், விசிறி, சோப்பு டப்பா மூன்றையும் ஒன்றாக மாட்டித் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கெணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு தம்பி. ரெக்கார்டுல இல்லாதத ஏன்யா தேடுற?”

“நான் கேட்டிருக்கேண்ணே. என் காதால கேட்டிருக்கேன்.”

மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த ஊர்க்காரர்கள் முதல் பாட்டாக இதைத்தான் கேட்டிருந்தார்கள். அன்றைக்குச் சரியாக வரவில்லை என்றால் ஆரம்பத்தை ஆர்கன் வாசிக்கும், நான் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருக்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆர்கன்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இரக்கப்பட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

திருவிழாவன்று மதியமே வேனில் போய் இறங்கினோம். அறுப்பு முடிந்த வயலில் கோயிலை ஒட்டி மேடை. அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் வரை கால் மைல் மண்பாதை. ஊருக்குள் வருகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று பாதை நெடுக மூன்று கம்பங்களில் குழாய் கட்டியிருந்தார்கள், எல்லாம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி. என் டேப் ரெக்கார்டர், விசிறி, சோப்பு டப்பா எல்லாவற்றையும் கடை பரப்புகிற மாதிரி மேடையில் பரப்பி ஐந்து ஸ்வரத்தை வாசித்துப் பார்த்தேன். வயல் வேலையாக நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எது முதல் ஸ்வரம், எது ஐந்தாவது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து கூழாகிவிட்டது. இன்னொரு தடவை வாசித்தேன். அதே கூழ்தான், கூடவே கொஞ்சம் விவசாயச் செய்தி.

தலைவர் ஆர்கன்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு. எட்டு மாதம் பாழாகிவிட்டது. மெக்கானிக், கடைக்காரர், தலைவர், விசிலடித்த இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அப்போதுதான் மதுரை பஸ்ஸிலிருந்து என் மனைவி இறங்கினாள். இவ்வளவு பாடுபட்டு என்னதான் வருகிறது என்று பார்த்தே தீருவேன் என்று சொல்லியிருந்தாள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஏழரை பஸ்ஸில் திரும்ப வேண்டும், விடைத்தாள்கள் பாக்கி இருந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மைக்செட்காரர் நேரம் போவதற்காக ரெக்கார்டு போட்டார். அதே பாட்டு.

முதல் ஸ்வரம் விழுந்தது. திரும்ப எழுந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. வயல் மேல் காற்று வீச, எல்லாம் சேர்ந்து ஆடியது.

“இதுதான்,” என்றேன். “மேலூர்ல கேட்டது இதுதான்.”

“இதுவா?” என்றாள் அவள். “நல்லாத்தான் இருக்கு.”

மேடையை நோக்கி ஓடினேன். ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டத் தாண்ட ஒவ்வொரு எக்கோவாகக் கழன்று விழுந்தது. மேடைக்கு வந்தபோது சாதாரண ரெக்கார்டு, சாதாரண கிதார். மைக்செட்காரரை மறுபடி அந்த ஆரம்பத்தைப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். கம்பம் கம்பமாக எக்கோ வந்து சேர்ந்துகொண்டது. அந்த வெயிலில் இப்படி மூன்று தடவை ஓடினேன். மைக்செட்காரர் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவரிடம் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

“இதென்னண்ணே புதுசா?” என்றார். “கிட்ட இருக்க கொழா மொதல்ல கேக்கும், தூரத்துக் கொழா லேட்டாத்தான் வந்து சேரும். காத்தடிச்சா இன்னும் மோசம். இந்தக் கருமத்த ஒழிக்கத்தான் நான் பன்னெண்டு வருசமா மாரடிக்கேன்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாக நான் வரவழைக்கப் பாடுபட்டதை இந்த மனிதர் பன்னிரண்டு வருஷமாகத் தொலைக்கப் பாடுபட்டிருக்கிறார். பிறந்த நாளிலிருந்து குழாயில் பாட்டுக் கேட்ட காது என்னுடையது. குழாய் செய்கிற வேலை எது, பாட்டு செய்கிற வேலை எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. மற்றப் பாட்டுகளில் எல்லா வாத்தியமும் சேர்ந்து மூடிவிடும். இந்தப் பாட்டில் கிதார் தனியாக இடைவெளி விட்டு விட்டு வந்ததால், தூரத்துக் குழாய்கள் அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டன. இதற்குப் போய் நான் நாலு தடவை தியேட்டருக்குப் போனேன்.

தலைவரிடம் போய், ஒன்றுமே மாட்டாமல் வாசிக்கிறேன், ஒரே ஒரு தடவை கேளுங்கள் என்றேன். வாசித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதத்தானய்யா எட்டு மாசமாச் சொல்றேன். ரெக்கார்டு மாதிரியே இருக்குல்ல?”

அவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சரிண்ணே என்றேன். ஆரம்பம் எனக்கே திரும்பி வந்தது.

மைக்செட்காரரிடம் ஒரு தகராறு இருந்தது. கச்சேரி ஆரம்பித்ததும் பாதைக் குழாய்களை அணைத்துவிடுவதுதான் அவர் வழக்கம், பாட்டுக் குழம்பாமல் இருப்பதற்கு. முதல் பாட்டுக்கு மட்டும் அணைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என் காதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஊர்க்காரர்கள் வந்து திட்டினால் உங்களைத்தான் காட்டிக்கொடுப்பேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். மேடைக்கு வந்து சேர்ந்த மனைவியிடம், பஸ் ஸ்டாப்பிலேயே நிற்க வேண்டும், நகரக் கூடாது என்றேன். மூன்று தடவை வருகிறதா, கடைசியில் ஆடுகிறதா, இந்த இரண்டை மட்டும் கவனி, வேறு ஒன்றும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பட்டுச்சேலை கட்டி வந்தவள், கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புப் புளியமரத்தடிக்குத் திரும்பி நடந்தாள்.

ஏழு மணிக்கு வாசித்தேன். மேடையில் சும்மாதான் கேட்டது. ஐந்து ஸ்வரம், மொட்டையாக. குழாய்களெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசிக்கிறவன் மேடையில் இருந்தாக வேண்டும். கேட்கிறவன் பஸ் ஸ்டாப்பில் இருந்தாக வேண்டும். எந்தச் சத்தத்துக்காக இத்தனை பாடுபட்டேனோ, அதை என் கையால் வாசித்து என் காதால் கேட்கவே முடியாது. அந்த ஆத்திரத்தில் நாலாவது ஸ்வரத்தில் விரல் பக்கத்துத் தந்தியில் பட்டுவிட்டது. ‘டிக்’கென்று ஒரு சின்னப் பிசிறு. தலைவர் கவனிக்கவில்லை. ஆர்கன்காரர் கவனிக்கவில்லை. டிரம்ஸ் உடனே வந்து மூடிவிட்டது. பாட்டு முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. பாதைக் குழாய்கள் அணைந்தன. ஏழரை பஸ் போகிற சத்தம் கேட்டது.

டேப் ரெக்கார்டரைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் வைத்துப் பதிந்திருக்கலாமே என்று மறுநாள் காலையில்தான் தோன்றியது. அந்த அழகில் இருந்தது என் மூளை.

நான் வீடு திரும்பியபோது நன்றாக விடிந்துவிட்டது. அவள் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டேன், வந்ததா என்று.

“வந்துச்சு.”

“மூணு தடவையா?”

“மூணு தடவ.”

“ஆடுச்சா?”

“ஆடுச்சு.” தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமாம் போடுகிறாள். இவளுக்கு வேண்டியது விசிறி. இப்போது நான் தவில் சத்தம் வந்ததா என்று கேட்டாலும் வந்தது என்பாள். யாரை நம்புவது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலாவதுல நீங்க தப்பு விட்டீங்க. ‘டிக்’குனு. அந்தத் தப்பும் மூணு தடவ கேட்டுச்சு.”

மேடையில் ஒருவருக்கும் தெரியாத தப்பு அது. அது அவள் காதுக்கு மூன்று தடவை போயிருந்தால், மற்ற நாலும் போயிருக்கும், ஆடவும் ஆடியிருக்கும். வேனிலிருந்து இறக்கி வந்த விசிறியை அவள் பக்கத்தில் வைத்து மூன்றாம் எண்ணைத் தட்டிவிட்டேன். தாள்கள் பறந்தன. இரண்டில் வைக்கச் சொன்னாள்.